மூன்றாவது சிலிண்டர்

எஞ்சினில் ஒரு சிலிண்டர் எரிய வேண்டிய கணத்தில் எரியாமல் தவறிவிடுவதற்குத் தமிழில் நிலைபெற்ற சொல் இல்லை. எங்கள் ஊர்க் கராஜ்களில் 'மிஸ் பண்ணுது' என்பார்கள். தமிழகத்து நண்பர்கள் 'மிஸ்ஸிங்' என்கிறார்கள். சொல் இரவலானாலும் பொருள் சரியாகவே வந்து அமர்ந்திருக்கிறது. ஆறு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 2000 தடவை சுழலும்போது ஒரு வினாடிக்குள் 100 முறை பெற்றோல் ஆவி தீப்பற்றுகிறது. அவற்றுள் ஒன்றிரண்டு தவறினால் மனிதச் செவிக்கு எட்டாது. ஒரே சிலிண்டர் தொடர்ந்து தவறத் தொடங்கும்போதுதான் இருக்கையின் அடியிலிருந்து மெல்லிய நடுக்கம் ஒன்று ஏறி வந்து முதுகில் தட்டுகிறது. 2022 டிசெம்பரிலிருந்து அடுத்த ஆண்டு பெப்ரவரி வரை எங்கள் வீட்டில் அந்த நடுக்கத்தைத் தவிர வேறு பேச்சு அதிகம் இருக்கவில்லை.

இங்கே 'மினிவான்' என்று அழைக்கப்படுவதை நாங்கள் ஊர் வழக்கத்தில் வெறுமனே 'வான்' என்போம். கிரைஸ்லர் நிறுவனம் ஒன்ராறியோவின் வின்சர் நகரத் தொழிற்சாலையில் தனது மினிவான்களைச் செய்யத் தொடங்கியது 1983இல். அதே ஆண்டு ஜூலையில் எங்கள் மக்களுக்கு நேர்ந்தது வேறு. இரண்டுக்கும் தொடர்பு எதுவும் இல்லை. ஆயினும் அந்த ஜூலைக்குப் பிறகு கனடாவுக்கு வந்து சேர்ந்த குடும்பங்கள் பலவற்றுக்கு இந்த வாகனம் வீட்டின் இன்னோர் அறையாகிவிட்டது. சாமத்திய வீட்டுக்குச் சோற்றுச் சட்டிகள் ஏற்றவும், பிள்ளைகளை மிருதங்க வகுப்பில் இறக்கவும், கோயிலுக்கு மூன்று தலைமுறையை ஒன்றாகக் கொண்டுபோகவும் இதைவிட வசதியானது வேறில்லை. நாங்கள் 2016இல் வாங்கியது பிறிதொரு நிறுவனத்தின் 2011ஆம் ஆண்டு வான். பெயர் இங்கே அவசியமில்லை. நேர்ந்த பழுதில் அந்நிறுவனத்துக்குப் பங்கும் இல்லை.

எங்களுக்கு அந்த வான் மிருதங்கத்துக்கும் சட்டிக்கும் மட்டுமானதாக இருந்திருந்தால் இவ்வளவு தவித்திருக்க மாட்டோம். 2021இல் அம்மாவின் சிறுநீரகங்கள் தம் வேலையைக் கைவிட்டன. அன்று முதல் திங்கள், புதன், வெள்ளி என வாரத்தில் மூன்று நாள் இரத்தச் சுத்திகரிப்பு. ஒவ்வொரு தடவையும் நான்கு மணித்தியாலம். ஸ்காபரோவிலுள்ள எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கு 401 நெடுஞ்சாலை வழியாக ஏறக்குறைய 25 நிமிடம். வெள்ளிக்கும் திங்களுக்கும் இடையே இரண்டு முழு நாட்கள் கடக்கின்றன. அந்த இடைவெளியில் உடலில் நீர் தேங்கும், இரத்தத்தில் பொட்டாசியம் ஏறும். எதைத் தவறவிட்டாலும் திங்கட்கிழமையைத் தவறவிட வேண்டாம் என்று தாதியர் சொல்லியிருந்தார்கள். 401இல் கனரக லொறிகளுக்கு நடுவே, பனிக்காலத்து இருட்டில், எழுபத்தாறு வயதுத் தாயைப் பின்னிருக்கையில் வைத்துக்கொண்டு எஞ்சின் நடுங்குமானால் அதை வாகனப் பழுது என்று மட்டும் எண்ணி இருக்க முடியாது.

முதல் நடுக்கம் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் வழியில் வந்தது. வேகம் எடுக்க மிதித்தபோது வான் பின்வாங்கியது போலிருந்தது. பின்பு உலுக்கல். எஞ்சின் வடிவத்து மஞ்சள் விளக்கு பத்துப் பன்னிரண்டு தடவை சிமிட்டியது. வீடு வருமுன் எல்லாம் அடங்கி, ஒன்றுமே நடவாதது போல வான் ஓடியது.

அந்த விளக்கு நிலையாக எரிவதற்கும் சிமிட்டுவதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. சிமிட்டினால், எரியாத பெற்றோல் புகைக்குழாய் வழியே வினையூக்கிப் பெட்டிக்குள் போய் அங்கே எரிந்து அதைச் சூடாக்கி அழித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். அந்தப் பெட்டியின் விலை அதிகம். ஒன்ராறியோவில் 1999இல் தொடங்கிய புகைப் பரிசோதனைத் திட்டம் 2019இல் நிறுத்தப்பட்டபின், விளக்கின்மேல் கறுப்பு ரேப் ஒட்டி ஓட்டுவோரையும் பார்த்திருக்கிறோம். பார்க்கச் சகிக்காததை மூடிவைக்கும் வழக்கத்துக்கு நாடு எல்லை கிடையாது.

முதலில் கொண்டுபோன கராஜில் கொம்பியூட்டரைச் செருகி 'பி 0303' என்ற குறியீட்டை எடுத்தார்கள். அமெரிக்காவில் 1996 முதல் விற்கப்பட்ட கார்கள் எல்லாவற்றிலும் பொதுவான குறியீட்டு முறை இது. கடைசி இலக்கம் சிலிண்டரின் எண். சுழல்தண்டின் வேகம் எந்தச் சிலிண்டரின் முறை வரும்போது சற்றே தளர்கிறது என்பதை ஓர் உணரி கவனித்துக்கொண்டே இருக்கிறது. அதன் சாட்சியப்படி குற்றவாளி மூன்றாவது சிலிண்டர். ஆறு பிளக்குகளையும், மூன்றுக்குரிய கொயிலையும் மாற்றினார்கள். 640 டொலர். ஐந்து நாள் வான் அமைதியாக ஓடியது. ஆறாம் நாள் அதே சாலையில் அதே உலுக்கல். திரும்பப் போனபோது, வால்வு தேய்ந்திருக்கலாம், 2,30,000 கிலோமீற்றர் ஓடிய எஞ்சினைத் திறந்தால் 3000 டொலருக்குக் குறையாது, விற்றுவிடுவது புத்தி என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல வரவில்லை. குறியீடு காட்டிய இடத்தில் பொருளை மாற்றுவது எல்லோரும் செய்வது.

விட்டுவிட்டு வரும் பழுதின் கொடுமை, அது வல்லுநர் முன்னால் வருவதில்லை என்பதுதான். "டொக்டரிட்டைப் போனால் இருமலும் நிண்டிடும்" என்றா அம்மா. எங்களுக்கு அப்போது சிரிப்பு வரவில்லை. பழுதுக்குச் சாட்சி நாங்கள் மட்டுமே. நாங்களோ எஞ்சினின் மொழி அறியாதவர்கள். 'உலுக்குகிறது', 'இழுக்கிறது', 'திக்குகிறது' என்று வீட்டில் ஆளுக்கொரு சொல் வைத்திருந்தோம்.

நண்பர் ஒருவர் சொல்லி இரண்டாவது கராஜுக்குப் போனோம். மார்க்கம் வீதியை அண்டிய கைத்தொழிற் பேட்டையில், இரண்டே இரண்டு வாகனங்கள் நிற்கக்கூடிய இடம். நடத்துபவர் வடமராட்சிக்காரர், எங்களைவிட ஐந்தாறு வயது இளையவர். இரண்டு இரவு வானை உள்ளேயே வைத்திருந்தார். காலையில் எடுத்து ஓட்டினால் எஞ்சின் தியானத்தில் இருப்பது போல ஓடியது. தவறல்களை எண்ணிக் காட்டும் கருவியில் ஆறு சிலிண்டருக்கும் சுழியம்.

"அண்ணை, வான் நல்லாத்தானே நிக்குது" என்றார். பின்பு எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு, "நீங்கள் பொய் சொல்லேல்லை. கொம்பியூட்டரிலையும் பதிஞ்சு கிடக்கு. ஆனால் என்னட்டைக் காட்டுதில்லை" என்றார். நாங்கள் சொல்வதை ஒரு மெக்கானிக் நம்புகிறார் என்பதே அன்று எங்களுக்குப் பாதி திருத்தம்.

அவர் செய்த சோதனைகளை ஒழுங்காக எழுத வேண்டும் என்று விரும்புகிறோம். ஒரு கேள்வியை எப்படிக் கேட்பது என்பதை அவற்றில் கண்டோம். மூன்றாம் சிலிண்டரின் கொயிலைக் கழற்றி நான்கில் போட்டார், நான்கினுடையதை மூன்றில். பழுது கொயிலில் இருக்குமானால் அடுத்த தடவை குறியீடு 'பி 0304' என்று மாற வேண்டும். ஒரு வாரம் கழித்து வந்தது, 'பி 0303' என்றே. சரி, கொயில் இல்லை. பிளக்கையும் அவ்வாறே இடம் மாற்றினார். மீண்டும் மூன்று. நீண்ட திருப்புளியின் ஒரு முனையைப் பெற்றோல் தெளிக்கும் ஊசியில் ஊன்றி மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்டார். ஆறும் ஒரே தாளத்தில் துடித்தன. அமுக்கமானியைச் செருகி ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளந்தார். மூன்று மற்றவற்றுக்குச் சளைத்ததாக இல்லை. ஆக, எஞ்சினைத் திறக்கவோ வானை விற்கவோ வேண்டியதில்லை. இவ்வளவும் நல்ல செய்திகள். பழுது மட்டும் அப்படியே இருந்தது.

இடம் மாற்றிப் பார்க்கும் சோதனைக்கு அடியில் ஓர் எண்ணம் மறைந்திருக்கிறது. பழுது பொருளுக்குள் இருக்கிறது, பொருளை நகர்த்தினால் பழுதும் கூடவே நகரும் என்பதே அது. பெரும்பாலும் அது உண்மை. நகர மறுத்தால், பொருள் நிற்கும் இடத்தைப் பற்றிக் கேட்க வேண்டும். இடத்தைக் கேட்டால் காலத்தையும் கேட்க வேண்டியிருக்கிறது. அவர் கேட்டார்.

"எப்ப எப்ப வருகுது எண்டு எழுதி வையுங்கோ. திகதி, நேரம், எத்தினை பாகைக் குளிர், பெற்றோல் எவ்வளவு கிடந்தது, எவ்வளவு தூரம் ஓடினாப்பிறகு எண்டு. வராத நாளையும் எழுதுங்கோ. அதுதான் முக்கியம்."

எழுதும் பொறுப்பை அம்மா ஏற்றுக்கொண்டா. அம்மாவிடம் ஏற்கெனவே ஒரு கொப்பி இருந்தது. சுத்திகரிப்புக்குப் போகிறவர்கள் குடிக்கும் நீரை அளந்து குடிக்க வேண்டும். அம்மாவுக்கு விதித்திருந்தது நாளொன்றுக்கு ஒரு லீற்றர். தேநீர், சொதி, கஞ்சி, வாயில் போடும் பனிக்கட்டி வரை அதற்குள் அடக்கம். யாழ்ப்பாணத்துக் கிணற்றில் துலா மிதித்து நீர் இறைத்த வீட்டில் பிறந்தவர், அரைக் கோப்பை, கால் கோப்பை என்று கணக்கெழுதினார். இடப்பக்கத்தில் நீரும் நிறையும் இருந்தன. வலப்பக்கத்தில் வான் ஏறியது. எங்கள் உறவினர் பலர், நோயாளிக்கு எதற்கு இந்த வேலை என்று கேட்டார்கள். முன்னாசனத்தில் இருப்பவர் சாலையைப் பார்க்கிறார், பிள்ளைகள் கைத்தொலைபேசியைப் பார்க்கிறார்கள். நடுவரிசையில் கைகளை மடியில் வைத்து, உடம்பின் ஒவ்வோர் அசைவையும் கவனிக்கப் பழகிவிட்ட ஒருவருக்குத்தான் வானின் உடம்பும் தெரிந்தது.

மூன்று வாரம் எழுதினா. அம்மாவின் கையெழுத்து பள்ளிக்கூடத்து வட்ட எழுத்து. 'திங்கள். போகேக்கை இல்லை. வரேக்கை நடுக்கம், வெளிக்கிட்டுப் பத்து நிமிசத்தில். பாகை 0. வெய்யில். பிள்ளை நின்றது.' 'புதன். இரண்டு வழியும் இல்லை. பாகை −16. பிள்ளை நின்றது.' 'வெள்ளி. இரண்டு வழியும் இல்லை. பாகை −1. சினோ. பிள்ளை வீட்டை போய் வந்தது.' இப்படி ஒன்பது பயணங்கள். அவற்றுள் நான்கில் நடுக்கம்.

கராஜ்காரத் தம்பி கொப்பியை மேசையில் விரித்து நெடுநேரம் பார்த்தார். அவர் கேட்டிருந்த பெற்றோல் அளவு, தூரம் எவற்றிலும் ஒழுங்கு எதுவும் தெரியவில்லை. அவர் கேட்காததும் அம்மா தானாக எழுதியதுமான கடைசிச் சொல்லில் விரல் வைத்தார்.

"அம்மா, இது என்ன, 'பிள்ளை நின்றது', 'போய் வந்தது' எண்டு?"

"அது தம்பி, சில நாள் இவையள் என்னை இறக்கிப்போட்டு வீட்டை போய்த் திரும்பி வருவினம். சில நாள் அங்கையே நாலு மணித்தியாலமும் பாத்துக்கொண்டு நிப்பினம். நிண்ட நாளை எழுதி வைச்சன்."

எதற்காக எழுதிவைத்தா என்று அவர் கேட்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை. நடுங்கிய நான்கு நாளும் நின்ற நாட்கள். போய் வந்த நாள் ஒன்றிலேனும் நடுக்கம் இல்லை. நின்றும் நடுங்காதது −16 பாகை நாள் ஒன்று மட்டுமே.

இனி நடந்ததை விரைவாகச் சொல்லிவிடலாம். எங்கள் வான் வீட்டில் நிற்பது நிலத்தடித் தரிப்பிடத்தில். உலர்ந்த இடம், உறையாத இடம். ஆஸ்பத்திரியில் நிற்பது வெட்டவெளியில். நான்கு மணித்தியாலத்தில் முன்கண்ணாடியின் அடியில் பனி குவிந்துவிடும். உறைநிலையை அண்டிய நாளென்றால் வெயிலும் கண்ணாடிச் சூடாக்கியும் சேர்ந்து அதை உருக்கும். −16இல் உருகுவதற்குள் வீடு வந்துவிடும். கராஜிலோ வான் சூடான அறைக்குள் நின்றது. அதனால்தான் வல்லுநர் முன்னால் அவ்வளவு நல்ல பிள்ளையாக இருந்தது.

தம்பி எழுந்து போய் ஐந்து லீற்றர் தண்ணீர்க் கலனை எடுத்து வந்தார். எஞ்சினை ஓடவிட்டு, வைப்பர்களின் அடியில், கண்ணாடியின் ஓரமாக, பூச்செடிக்கு ஊற்றுவதுபோல் மெதுவாக ஊற்றினார். ஒரு நிமிடம் எதுவும் இல்லை. இரண்டாம் நிமிடம் கலனில் பாதி தீர்ந்திருக்கும், எஞ்சின் ஒருமுறை திக்கியது. பிறகு தொடர்ந்து உலுக்கத் தொடங்கியது. உள்ளே மஞ்சள் விளக்கு சிமிட்டியது. இரண்டு மாதமாக எங்களை வெருட்டிய அந்த நடுக்கத்தை அன்றுதான் மகிழ்ச்சியோடு கேட்டோம். "இப்ப கேளுங்கோ!" என்று அவர் கத்தினார். கேட்டுக்கொண்டுதான் நின்றோம்.

வைப்பர் கைகளையும் கறுப்புப் பிளாஸ்ரிக் மூடியையும் கழற்றியபோது, கண்ணாடியின் அடியில் குறுக்காக ஓடும் தகரக் கால்வாய் தெரிந்தது. கண்ணாடியில் வழியும் நீரை ஏந்திப் பக்கவாட்டுத் துளைகளால் கீழே விடுவது அதன் தொழில். துளைகள் இரண்டிலும் மேப்பிள் இலைகள் மக்கி, சேறாகி, அடைத்துக் கிடந்தன. வெளியேற வழியின்றி நிரம்பிய நீர், நடுவிலிருந்த இணைப்பு விளிம்பைத் தாண்டி எஞ்சின்மேல் சொட்டியது. எங்கள் வானில் எஞ்சின் குறுக்காகக் கிடக்கிறது. 1, 3, 5 ஆகிய சிலிண்டர்கள் கண்ணாடிப் பக்கத்துப் பின்வரிசை. அந்த வரிசையின் நடுவில் இருப்பது 3. சொட்டு விழும் இடம் அது. நிலத்தடியில் நிற்கும் இரவில் நீர் மெல்லக் கசிந்து வடிந்துவிடும், எஞ்சின் சூட்டில் கொயில் காய்ந்துவிடும். காலையில் தடயம் எதுவும் மிஞ்சாது.

கொயிலை உருவிக் காட்டினார். பிளக்கை மூடும் றப்பரின் உட்புறத்தில், பென்சிலால் கீறியது போல மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று இறங்கியிருந்தது. பிளக்குக்குப் போகும் மின்னழுத்தம் பத்தாயிரக்கணக்கான வோல்ற்று. ஈரம் ஒரு குறுக்குவழியைக் காட்டினால் அது அவ்வழியே பாய்ந்து கரிக்கோட்டை விட்டுப்போகிறது. அடுத்த தடவை அதே கோடு இன்னும் இலகுவான வழியாகிறது. அது நான்கிலிருந்து மூன்றுக்கு வந்து ஒரு மாதமாகாத கொயில். முதல் கராஜில் போட்ட புதிய கொயிலோ நான்காம் சிலிண்டரில், உலர்ந்த இடத்தில், குறையின்றி எரிந்துகொண்டிருந்தது. மூன்றில் எதைப் போட்டிருந்தாலும் அதன் தலையில் தண்ணீர் விழுந்திருக்கும்.

அம்மாவைக் கதிரையில் இருந்து எழுப்பிக் கூட்டிவந்து அந்தத் தகரக் கால்வாயைக் காட்டினோம். குனிந்து பார்த்தா.

"பீலியெல்லோ அடைச்சுக் கிடக்கு" என்றா. "இதுக்கோ இவ்வளவு பாடு? மாரிக்கு முன்னம் பீலி துப்புரவாக்கிறேல்லையோ இந்த நாட்டில?"

ஓட்டு வீட்டின் இறவாரத்தில் தகரப் பீலி பொருத்தி, ஐப்பசி மழை இறங்குமுன் அதில் கிடக்கும் வேப்பிலைச் சருகைத் தள்ளிவிடுவது ஊரில் ஆண்டுதோறும் நடக்கும் வேலை. ரொறொன்ரோவில் மூன்று கராஜ் நாட்களும் ஒன்பது பயணங்களும் ஐந்து லீற்றர் தண்ணீரும் செலவழித்துக் கண்டடைந்ததை அம்மா ஒரு சொல்லில் முடித்துவிட்டா. கராஜ்காரத் தம்பி சிரித்தார். பிறகு ஒரு கம்பியால் இலைச் சேற்றைக் கிளறி எடுத்து, கசிந்த விளிம்புக்குப் பசை பூசி, மூன்றுக்கு ஒரு கொயிலும் பச்சை பிடித்திருந்த செருகிக்கு ஒரு புதிய செருகியும் போட்டார். 210 டொலர் கேட்டார். கொப்பிக்கு எவ்வளவு கழிவு என்று அம்மா கேட்டதற்குப் பத்து டொலரைத் திருப்பி நீட்டினார். அம்மா வாங்கவில்லை.

வீடு திரும்பும் வழியில் அம்மா கொஞ்சநேரம் பேசாமல் வந்தா. பின்பு, "அப்ப நீங்கள் எனக்காக அங்கை நிண்டதாலதான் வானுக்கு இவ்வளவும் வந்தது, என்ன?" என்றா. இல்லை, இலை அடைத்ததால் வந்தது என்றோம். "இனி நிக்கத் தேவையில்லை. போட்டு வாங்கோ. நான் படுத்துத்தானே கிடக்கிறன்" என்றா. அதற்கு நாங்கள் பதில் சொல்லவில்லை. அடுத்த திங்கள் பூச்சியம் பாகை, நல்ல வெயில், கண்ணாடியில் கையளவு பனி. நான்கு மணித்தியாலமும் அங்கேயே நின்றோம். திரும்பும்போது 401இல் ஏறும் வளைவில் வேகம் எடுக்க மிதித்தபோது எல்லோரும் மூச்சை அடக்கியிருந்தோம். வான் ஒரே இழுவையில் ஏறியது.

மேப்பிள் இலைகள் கொட்டி முடியும் நவம்பர் நடுவில், நிலத்தடித் தரிப்பிடத்தில் வைத்து வைப்பர் மூடியைத் தூக்கி இரண்டு துளையிலும் கம்பி விட்டுப் பார்க்கிறோம். முதல் ஆண்டு ஒரு கைப்பிடி இலை வந்தது, அடுத்த ஆண்டு அதைவிடக் குறைவு. வான் இப்போது 2,70,000ஐத் தாண்டிவிட்டது. குறியீடு எதுவும் பதிவாகவில்லை.